50 கிளைகளுக்கு நெட் கனெக்‌ஷன்: ஒரே கம்பெனியின் சொந்த மோடமா, பொதுத் தர மோடமா?

2025 ஜூன் மாதம் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. அடுத்த மாதமே, தனியார் விண்வெளிப் பணிகளைக் கவனிக்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தது. அதற்கும் முன்பே, மார்ச்சில், ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாள்களில் ஸ்டார்லிங்க்கோடு ஒப்பந்தம் என்று அறிவித்துவிட்டன. யூடெல்சாட் ஒன்வெப்பும், ஜியோ-எஸ்.இ.எஸ். கூட்டணியும் ஏற்கெனவே உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. மொத்தத்தில் சாட்டிலைட் இன்டர்நெட் சந்தை களைகட்டத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு கனெக்‌ஷன் வாங்குபவர்கள் "மாசம் எவ்வளவு? ஸ்பீடு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு முடிவெடுத்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் மாறிக்கொள்ளலாம். ஆனால் 50 இடங்களில் கிளையோ, கிடங்கோ, சோலார் பண்ணையோ, ஏ.டி.எம்-மோ வைத்திருக்கும் நிறுவனத்தின் ஐ.டி. பிரிவுக்கு அது மட்டும் போதாது. கூரையில் ஏறப்போகும் அந்தப் பெட்டி ஒரே கம்பெனியோடு மட்டும் பேசக்கூடியதா, அல்லது யார் தயாரித்தாலும் ஒத்துப்போகும் பொதுத் தரத்தில் வந்ததா? இந்தக் கேள்விக்கான பதிலை விலைப்பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்துத்தான் அதன் விலை தெரியவரும்.

இது புதிய குழப்பமும் இல்லை. 40 ஆண்டுகளுக்கு முன்பு, டெலிபோன் லைனில் மோடம் கிர்ர் என்று கத்திய காலத்திலேயே இதே சண்டை நடந்து முடிந்திருக்கிறது.

டெலிபோன் லைனில் நடந்த முதல் போட்டி

1980-களின் நடுப்பகுதியில், சாதாரண மோடம் விநாடிக்கு 1,200 அல்லது 2,400 பிட் அனுப்பும். அப்போது இன்டர்நெட் வீடுகளுக்கு வரவில்லை. பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் இரவில் ஒன்றுக்கொன்று போன் போட்டு, மெயிலையும் யூஸ்நெட் செய்திகளையும் கைமாற்றிக்கொண்டன. எஸ்.டி.டி. கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடும். 10 லட்சம் எழுத்துகள் உள்ள ஒரு கட்டை அனுப்ப, 2,400 வேகத்தில் சுமார் 69 நிமிடம் ஆகும். தினமும் இரவு இது நடந்தால் போன் பில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உலகத் தரநிலை அமைப்பான சி.சி.ஐ.டி.டி. 1984-லேயே வி.32 என்ற தரத்தை வெளியிட்டுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 9,600 பிட். பேப்பரில் அருமை. ஆனால் ஒரே லைனில் இருபுறமும் ஒரே அலைவரிசையில் பேசும்போது, தான் அனுப்பியதே எதிரொலியாகத் திரும்பி வந்து காதை அடைக்கும். அந்த எதிரொலியைக் கழித்துவிட்டுக் கேட்கும் சிப் அப்போது மிக விலை உயர்ந்தது. தரம் இருந்தது, வாங்கக்கூடிய விலையில் பொருள் இல்லை.

அந்த இடைவெளியில்தான் இரண்டு கம்பெனிகள் புகுந்தன. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 1986-ல் கூரியர் எச்.எஸ்.டி. மோடத்தைக் கொண்டுவந்தது. அதன் தந்திரம் எளிமையானது: ஒரு பக்கம் மட்டும் 9,600, எதிர்ப்பக்கம் வெறும் 300. ஃபைலை அனுப்பும்போது தரவு ஒரு பக்கமாகத்தானே போகிறது, மறுபக்கம் "கிடைத்தது" என்று சொன்னால் போதுமே! எதிரொலிப் பிரச்னையே எழவில்லை, விலையும் குறைந்தது. புல்லட்டின் போர்டு நடத்தியவர்களுக்குக் கம்பெனி பெரிய தள்ளுபடியும் கொடுத்தது. போர்டு நடத்துபவர் எச்.எஸ்.டி. வைத்திருந்தால், அதற்கு போன் போடுபவரும் எச்.எஸ்.டி.தானே வாங்குவார்? இன்றைய ஆப் கம்பெனிகள் செய்யும் வேலையை அன்றே செய்துவிட்டார்கள்.

இன்னொன்று டெலிபிட் நிறுவனத்தின் டிரெயில்பிளேசர். பாக்கெட் ஸ்விட்சிங் முறையின் முன்னோடிகளில் ஒருவரான பால் பாரன் தொடங்கிய கம்பெனி இது. ஒரே லைனை 500-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அலைவரிசைகளாகப் பிரித்து, எது சுத்தமாக இருக்கிறது என்று சோதித்து, இரைச்சல் உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு மீதியில் தரவை ஏற்றும். மோசமான லைனிலும் தாக்குப்பிடிக்கும். அதே வகையான யோசனைதான் பின்னாளில் ஏ.டி.எஸ்.எல்., வைஃபை, 4ஜி எல்லாவற்றிலும் வேலை செய்தது. நல்ல லைனில் விநாடிக்கு 1,400 எழுத்து கிடைத்தால், மேலே சொன்ன 69 நிமிட வேலை 12 நிமிடத்தில் முடிந்துவிடும். சில மாத போன் பில்லிலேயே மோடத்தின் விலையை எடுத்துவிடலாம் என்ற கணக்கு நிஜமாகவே பலருக்கு வேலை செய்தது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். எச்.எஸ்.டி. மோடமும் டிரெயில்பிளேசரும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், இரண்டும் இறங்கி வந்து பழைய 2,400-ல்தான் பேசிக்கொள்ளும். ஆயிரம் டாலர் சமாசாரம் இரண்டும் சேர்ந்து மாட்டு வண்டி வேகம்.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

அன்று சொந்தத் தொழில்நுட்ப மோடம் வாங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. இரண்டு முனையும் தன் கையிலேயே இருந்த நிறுவனத்துக்கு (தலைமை அலுவலகம் ஒரு பக்கம், கிளைகள் மறுபக்கம்) அது சரியான முடிவு. மற்றவர்களோடு பேச வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. மாறாக, யார் வேண்டுமானாலும் போன் போடுகிற இடத்தில் அதே மோடம் பாதி வாடிக்கையாளர்களை வெளியே நிறுத்தியது.

ஆனால் காலம் ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. சிப் விலை சரிந்ததும் வி.32 மலிவானது. 1991-ல் வந்த வி.32பிஸ், இருபுறமும் 14,400 கொடுத்தது. 1994-ல் வி.34 தரம் 28,800-ஐத் தொட்டது. அதற்குள் யு.எஸ். ரோபாட்டிக்ஸும் டெலிபிட்டும் தங்கள் மோடத்திலேயே பொதுத் தரத்தையும் சேர்த்து, "இரண்டும் பேசும்" என்று விற்க ஆரம்பித்திருந்தன. தனி வழி போனவர்களே திரும்பிவந்து பொதுப்பாதையில் சேர்ந்தார்கள்.

1997-ல் இதே படம் இரண்டாவது முறை ஓடியது. 56கே மோடத்தில் யு.எஸ். ரோபாட்டிக்ஸின் எக்ஸ்2 ஒரு பக்கம், ராக்வெல்லும் லூசெண்ட்டும் சேர்ந்து கொண்டுவந்த கே56ஃபிளெக்ஸ் மறுபக்கம். இன்டர்நெட் கம்பெனிகள் சில, இரண்டுக்கும் தனித்தனி போன் நம்பரே வைத்திருந்தன. 1998 பிப்ரவரியில் வி.90 என்ற ஒரே தரத்துக்கு இரு தரப்பும் உடன்பட்டதும் சண்டை ஓய்ந்தது. மென்பொருள் அப்டேட் மூலம் வி.90-க்கு மாற முடிந்த மோடம் வாங்கியவர்கள் பிழைத்தார்கள். அந்த வசதி இல்லாத மலிவு மாடலை வாங்கியவர்கள் ஓர் ஆண்டிலேயே புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். முதல் முறை, மலிவான பொதுத் தரம் சந்தையைப் பிடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. இரண்டாவது முறை ஓர் ஆண்டுதான். சொந்தத் தொழில்நுட்பம் தரும் கூடுதல் வேகம் எவ்வளவு என்பதைவிட, அந்த முன்னிலை எத்தனை காலம் நிற்கும், உங்கள் ஒப்பந்தம் எத்தனை காலம் என்பதுதான் உண்மையான கணக்கு.

சாட்டிலைட்டில் 'பொதுத் தரம்' எங்கே போனது?

இந்தியாவில் சாட்டிலைட் மோடம் புதிதல்ல. தேசியப் பங்குச் சந்தை 1994-ல் தொடங்கியபோதே, நாடு முழுக்க இருந்த புரோக்கர்களை வி-சாட் மூலம்தான் இணைத்தது. கேபிள் போகாத ஊர் ஏ.டி.எம்-களின் தலைமேல் இருக்கும் அந்த டிஷ் இன்றும் அதே குடும்பம்தான்.

இந்தத் துறையில் பாதிப் பாதை பொதுவழி, மீதிப் பாதை தனிவழி. சாட்டிலைட்டிலிருந்து கிளைக்கு இறங்கும் சிக்னலுக்கு டி.வி.பி-எஸ்2, அதன் அடுத்த வடிவமான எஸ்2எக்ஸ் என்ற பொதுத் தரங்களைப் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றுகின்றன. ஆனால் கிளையிலிருந்து மேலே ஏறும் சிக்னல்? அதற்கும் 2000-லேயே டி.வி.பி-ஆர்.சி.எஸ். என்று ஒரு தரம் வந்தது. பிறகு இரண்டாம் வடிவமும் வந்தது. சந்தை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹியூஸ், கிலாட், ஐடைரக்ட் எல்லோரும் மேலேறும் பாதையில் ஆளுக்கொரு முறையை வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிளைகள் ஒரே அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடம் அது. யார் எப்போது பேசலாம் என்று சாமர்த்தியமாக முடிவுசெய்பவர்தான் போட்டியில் ஜெயிக்கிறார். அந்த ரகசியத்தை யாரும் வெளியே விடத் தயாராக இல்லை.

விளைவு என்னவென்றால், நிறுவனங்கள் மோடம் வாங்குவதாக நினைக்கின்றன. நிஜத்தில் தேர்ந்தெடுப்பது மறுமுனையில் இருக்கும் ஹப்பை. ஹப் யாருடையதோ, மோடமும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். "சார், எங்க மோடம் டி.வி.பி-எஸ்2 ஸ்டாண்டர்டுதான்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் அது பொய் இல்லை. பாதி உண்மை.

தாழ்வான பாதையில் சுற்றும் புதிய சாட்டிலைட்டுகளில் பூட்டு இன்னும் கெட்டி. ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்குள்ளேயே மோடமும் இருக்கிறது. அது ஸ்டார்லிங்க்கோடு மட்டுமே பேசும். சிக்னல் அமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. 2022-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வானத்திலிருந்து வந்த சிக்னலைப் பிடித்து, பிரித்துப் பார்த்துத்தான் அதன் அமைப்பை உலகத்துக்குச் சொன்னார்கள். அமேசானின் கைப்பரும் (இப்போது பெயர் அமேசான் லியோ) சொந்த ஆன்டெனாவோடுதான் வருகிறது. ஒன்வெப் கொஞ்சம் வித்தியாசம்: ஆன்டெனாவைப் பல கம்பெனிகள் செய்கின்றன, ஆனால் உள்ளே இருக்கும் மோடத்தின் அடிப்படை ஹியூஸ் வடிவமைத்தது.

வி.பி.என். போட்டால் வேகம் குறைவது ஏன்?

இது பல ஐ.டி. டீம்களுக்குத் தெரியாமல் போகும் இடம். பழைய டிரெயில்பிளேசரில் ஒரு சின்ன மோசடி உண்டு. யுனிக்ஸ் கணினிகள் சின்னச் சின்னப் பொட்டலமாக அனுப்பிவிட்டு "கிடைத்ததா?" என்று பதிலுக்குக் காத்திருக்கும். அந்தப் பதில் தொலைவிலிருந்து வருவதற்குள் நேரம் வீணாகுமே என்று, பக்கத்தில் இருக்கும் மோடமே "கிடைச்சிடுச்சு, அடுத்ததை அனுப்பு" என்று பொய்ப் பதில் கொடுத்துவிடும்.

36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் சாட்டிலைட் வழியாகத் தரவு மறுமுனைக்குப் போய், அதே வழியில் பதில் திரும்பி வர அரை விநாடிக்கும் மேல் ஆகும். அதனால் வி-சாட் மோடம்களும் இன்றுவரை அதே வேலையைச் செய்கின்றன. தற்செயலாக இரண்டுக்கும் சுருக்கப் பெயர் 'பெப்'தான், விரிவு மட்டும் வேறு. டெமோவில் வேகம் பிரமாதமாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் கிளையில் நீங்கள் சொந்த ரூட்டர் வைத்து ஐபிசெக் வி.பி.என். போட்டுவிட்டால், மோடத்தின் கண்ணுக்கு எல்லாமே பூட்டிய பெட்டி. உள்ளே எது போகிறது என்று தெரியாததால் பொய்ப் பதில் கொடுக்கவும் முடியாது. அந்த மோடத்துக்காகக் கொடுத்த கூடுதல் காசு அப்போதே வீண். ஒன்று, மோடம் தயாரிப்பாளரின் சொந்த வி.பி.என்-ஐயே பயன்படுத்த வேண்டும் (இன்னொரு பூட்டு). அல்லது வேகம் குறைவதை ஏற்க வேண்டும். சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவற்றில் தாமதம் குறைவு என்பதால் இந்தத் தலைவலி பெரிதாக இல்லை. டெமோ கேட்கும்போது, உங்கள் வி.பி.என்-ஐ ஆன் செய்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு நிபந்தனையிலேயே பாதி டெமோக்கள் முகம் மாறும்.

ஒரே ராத்திரியில் செத்த மோடம்கள்

2022 பிப்ரவரி 24. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அதே காலை. வியாசாட் நிறுவனத்தின் கா-சாட் சாட்டிலைட் சேவையில் இருந்த பல்லாயிரக்கணக்கான மோடம்கள் ஐரோப்பா முழுக்க அடுத்தடுத்து ஆஃப் ஆயின. சாட்டிலைட்டுக்கு எதுவும் ஆகவில்லை. தவறாக அமைக்கப்பட்ட ஒரு வி.பி.என். கருவி வழியாக நிர்வாக நெட்வொர்க்குக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்து மோடம்களுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பி, அவற்றின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் ரஷ்யாவைக் குற்றம் சாட்டின.

இதில் அடிபட்டவர்களில் ஜெர்மனியின் காற்றாலை நிறுவனமான எனர்கானும் ஒன்று. 5,800 காற்றாலைகளோடு தொலைத்தொடர்பு துண்டித்தது. காற்றாலைகள் தானாக ஓடிக்கொண்டுதான் இருந்தன; ஆனால் அலுவலகத்திலிருந்து அவற்றைப் பார்க்கவோ ரீசெட் செய்யவோ முடியவில்லை. போரில் யாரோ யாரையோ குறிவைக்க, சம்பந்தமே இல்லாத காற்றாலை மாட்டிக்கொண்டது.

பொதுத் தர மோடமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காதா? அப்படிச் சொல்ல முடியாது. நிர்வாக நெட்வொர்க் திறந்து கிடந்தால் எந்த மோடமும் விழும். வித்தியாசம் மீண்டு எழும் இடத்தில். சில மோடம்களைத் தொலைவிலிருந்தே சரிசெய்ய முடிந்தது. மற்றவற்றுக்கு மாற்று மோடம் தேவைப்பட்டது. மார்ச் 30-க்குள் வியாசாட் கிட்டத்தட்ட 30,000 மோடம்களை விநியோகஸ்தர்களுக்கு அனுப்பியிருந்தது. கடைக்குப் போய் வேறு கம்பெனி மோடம் வாங்கிப் பொருத்தும் வழி அங்கே இல்லை. அதே கம்பெனி, அதே கிடங்கு, அதே வரிசை. 60 இடங்களில் பெட்டியை மாற்ற இரண்டு டெக்னீஷியன் குழு, நாளுக்கு ஒரு இடம் என்று வைத்தால்கூட 30 வேலை நாள்கள். அதுவும் பெட்டி கையில் இருந்தால்.

ஹேக்கர் வர வேண்டும் என்றுகூட இல்லை. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. மைய நெட்வொர்க்கை இயக்கும் மென்பொருள் பழுதுதான் காரணம் என்று நிறுவனமே சொன்னது.

அப்போ பொதுத் தரம்தான் பெஸ்ட்டா?

அவ்வளவு சுலபமில்லை. 'ஸ்டாண்டர்டு' என்று அச்சிட்டிருந்தாலே எல்லாம் ஒத்துப்போகும் என்று நம்புகிறவர்கள், வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டியைப் பார்க்கலாம். ஜிபான் சர்வதேசத் தரம்தான். இருந்தும் ஒரு கம்பெனியின் கருவி இன்னொரு கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் கருவியோடு சேரும்போது, லைட் எரியும், நெட் வராது என்ற நிலை வருவதுண்டு. கட்டுப்பாட்டுச் செய்திகளை ஆளுக்கொரு விதமாக நிரப்பியிருப்பார்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், வாடிக்கையாளர் தன் விருப்பப்படி ரூட்டர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

கேபிள் மோடம் இதற்கு நேர்மாறான உதாரணம். 1997-ல் டாக்சிஸ் தரம் வரும்வரை ஆளுக்கொரு முறை. வந்தபிறகு மோடம் கடைச் சரக்காகிவிட்டது. காரணம், அமெரிக்க கேபிள் கம்பெனிகளே கூடி, சோதித்து சான்றிதழ் கொடுத்த பிறகே நெட்வொர்க்கில் ஏற்றினார்கள். தரத்தை எழுதினால் மட்டும் போதாது, பரீட்சை வைக்கவும் ஆள் வேண்டும்.

சாட்டிலைட்டிலும் காற்று திசை மாறுகிறது. செல்போன் தரங்களை எழுதும் 3ஜி.பி.பி. அமைப்பு, 2022-ல் முடித்த 17-வது வெளியீட்டில் சாட்டிலைட் வழி 5ஜி-யைச் சேர்த்தது. 2025 பிப்ரவரியில் யூடெல்சாட், மீடியாடெக், ஏர்பஸ் மூன்றும் ஒன்வெப் சாட்டிலைட்டுகள் வழியாக அதைச் சோதித்தும் காட்டின. கடையில் வாங்கக்கூடிய கிளை மோடமாக அது மாற இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் வி.32 கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்தின் இடைவேளைக் காட்சி பழகியதாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் காலம். ஸ்டார்லிங்க்குக்கு இன்-ஸ்பேஸ் கொடுத்த அனுமதியே 2030 ஜூலை வரைதான். சாட்டிலைட் அலைக்கற்றையை ஐந்து ஆண்டுகளுக்கு, தேவைப்பட்டால் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கலாம் என்றுதான் டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. சேவை தருபவரின் கையிலேயே ஐந்து வருஷ அனுமதி இருக்கும்போது, ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். மூன்று ஆண்டு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு என்பது பெரும்பாலான கிளைகளுக்குப் போதும்.

அடுத்து, பெட்டி யாருக்குச் சொந்தம்? வேறு நெட்வொர்க்கில் வேலை செய்யாத மோடத்தைக் காசு கொடுத்து வாங்கி, சொத்துக் கணக்கில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. வாடகைக்கு எடுத்தால் மாதச் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தொழில்நுட்பம் பழசாகும் கவலை சேவை நிறுவனத்தின் தலையில். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 50 இடத்துக்கு மூன்று நான்கு ஸ்பேர் பெட்டிகளையும் சேர்த்தே விலை பேசுவது நல்லது. ஒப்பந்தம் முடியும்வரை அதே மாடலோ, அதோடு ஒத்துப்போகும் மாடலோ கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

மோடத்தோடு ரூட்டர், ஃபயர்வால், வைஃபை எல்லாம் ஒரே பெட்டியில் வருவது வசதிதான். அதில்தான் கிளையின் ஐ.பி. திட்டம், வி.பி.என்., பாஸ்வேர்டு எல்லாமே சிக்கிக்கொள்ளும். மோடத்தை வெறும் பாலமாக வைத்துவிட்டு, பின்னால் சொந்த ரூட்டரை வைத்தால், நாளை மோடம் மாறினாலும் ஒரு கேபிளைக் கழற்றி மாட்டும் வேலைதான். அந்த ரூட்டரிலேயே 4ஜி சிம் ஒன்றையும் போட்டுவைத்தால், கா-சாட் மாதிரி ஒரு காலை வந்தாலும் கிளை மெதுவாகவாவது ஓடும். இரண்டு லைனும் ஒரே கம்பெனியிடமிருந்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பலர் பெட்டியைப் பொருத்திய பிறகுதான் கவனிக்கிறார்கள். ஸ்டார்லிங்க்கின் சாதாரணத் திட்டங்களில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அதனால் தலைமை அலுவலகத்திலிருந்து கிளையின் சி.சி.டி.வி-யை நேரடியாகத் திறக்க முடியாது; கிளையிலிருந்து வெளியே போகும் வி.பி.என். வழியாகத்தான் பார்க்க வேண்டும், அல்லது பொது ஐ.பி. தரும் திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கேட்கும் அதே மெயிலில் இதையும் கேட்டுவிடலாம்.